சர்க்கியூட் கணக்கு: முதலில் படம், அப்புறம் குறி, கடைசியில்தான் கால்குலேட்டர்

முதலாமாண்டு இன்ஜினியரிங்கிலோ பாலிடெக்னிக்கிலோ சர்க்கியூட் கணக்கில் மார்க் போகிறது என்றால் பெரும்பாலும் ஃபார்முலா தெரியாமல் போவதில்லை. ஓம் விதி எல்லோருக்கும் தெரியும், பிளஸ் டூ இயற்பியலிலேயே கிர்க்காஃப் விதிகள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் வருகிறோம், வீட்ஸ்டோன் பிரிட்ஜ்கூட அங்கேயே வந்துவிடுகிறது. மார்க் போவது ஒரு மைனஸ் குறியில். இல்லாவிட்டால், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது சீரிஸ், இது பேரலல் என்று கண்ணளவில் முடிவு கட்டிவிடுவதில். அதனால் இங்கே திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்: சமன்பாடு எழுதுவதற்கு முன்னால் படத்தில் குறிக்க வேண்டியதையெல்லாம் குறித்துவிடுங்கள், அப்புறம் பிளஸும் மைனஸும் படத்திலிருந்தே கிடைத்துவிடும். மனசுக்குள் யோசித்துப் போடுகிற குறிதான் தப்பாகப் போகிறது.

படத்தைத் திரும்ப வரையுங்கள்

கேள்வித்தாளில் இருக்கும் படம் உங்கள் வசதிக்காக வரைந்தது கிடையாது. பல சமயம் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் முதல் வேலை நோடுகளைக் கண்டுபிடிப்பது. ரெசிஸ்டரோ சோர்ஸோ குறுக்கே வராமல் வெறும் கம்பி வழியாகவே போய்ச் சேர முடிகிற புள்ளிகள் எல்லாம் ஒரே நோடு, அந்தக் கம்பி படத்தில் எவ்வளவு நீளமாக வளைந்து நெளிந்து போனாலும் சரி. ஒரு நோடு முழுவதையும் ஒரே கலரில் தீட்டி ஒரு பெயர் வையுங்கள், அடுத்த நோடுக்கு வேறு கலர். பரீட்சையில் கலர் பென்சிலுக்கு நேரம் இருக்காது, பெயர் மட்டும் எழுதினால் போதும். ஆனால் வீட்டில் பழகும்போது கலர் தீட்டிப் பழகினால் கண் அதற்குப் பழகிவிடும்.

எத்தனையோ பேரை விழவைத்த ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஏ, பி, சி, டி என்று ஒரே வரிசையில் நாலு புள்ளிகள், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் ஒவ்வொன்றும் 6 ஓம் என மூன்று ரெசிஸ்டர்கள். ஏ-யையும் சி-யையும் மேல்வழியாக ஒரு கம்பி இணைக்கிறது, பி-யையும் டி-யையும் கீழ்வழியாக இன்னொரு கம்பி. ஏ-க்கும் டி-க்கும் நடுவில் மொத்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? வரிசையாக இருப்பதால் சீரிஸ், 18 ஓம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் கம்பியால் இணைந்ததால் ஏ-யும் சி-யும் ஒரே நோடு, பி-யும் டி-யும் ஒரே நோடு. அப்படியென்றால் சர்க்கியூட்டில் இருப்பதே இரண்டு நோடுதான். முதல் ரெசிஸ்டர் ஏ-க்கும் பி-க்கும் நடுவில் இருக்கிறது, இரண்டாவது பி-க்கும் சி-க்கும் நடுவில், அதாவது மறுபடியும் அதே இரண்டு நோடுகளுக்கு நடுவில், மூன்றாவதும் அப்படியே. மூன்றும் பேரலல், விடை 2 ஓம்.

பேரலல் என்றால் இரண்டு முனைகளும் அதே இரண்டு நோடுகளில் இருக்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தால் மட்டும் போதாது. சீரிஸ் என்றால் இரண்டு ரெசிஸ்டர்களும் சேரும் நோடில் மூன்றாவதாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. மூன்றாவது கம்பி ஒன்று அங்கிருந்து பிரிந்து போகிறது என்றால், அவை எவ்வளவு நேர்கோட்டில் இருந்தாலும் சீரிஸ் கிடையாது.

ஒரே ஒரு சோர்ஸ் இருக்கிற கணக்குக்கு இந்த அளவே போதும். 24 வோல்ட் சோர்ஸ், அதோடு 4 ஓம் சீரிஸில், அதற்கு அப்புறம் 6 ஓமும் 12 ஓமும் பேரலலில். 6-ம் 12-ம் சேர்ந்து 4 ஓம், மொத்தம் 8 ஓம், சோர்ஸ் கரண்ட் 3 ஆம்பியர். பேரலல் பகுதியில் 12 வோல்ட், ஆகவே 6 ஓமில் 2 ஆம்பியர், 12 ஓமில் 1 ஆம்பியர். கரண்ட் பிரியும்போது குறைந்த ஓமுக்குத்தான் அதிக பங்கு. இதைத் தலைகீழாகப் போடுவது ரொம்ப சகஜமான தவறு, எழுதி முடித்ததும் ஒரு முறை அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அம்புக்குறியும் பிளஸ் மைனஸும்

ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்து நேரம் கழிக்க வேண்டாம், இஷ்டத்துக்குப் போடலாம். தப்பான பக்கம் போட்டிருந்தால் விடை மைனஸில் வரும், அவ்வளவுதான், கணக்கு கெட்டுப்போகாது. கணக்கு கெடுவது, பாதியில் "ஐயோ, கரண்ட் இந்தப் பக்கம்தான் போகும் போலிருக்கே" என்று அம்பை அழித்து மாற்றிப் போடுகிறபோதுதான். ஏனென்றால் மேலே எழுதிய சமன்பாடு பழைய அம்பை வைத்து எழுதியது, கீழே எழுதப்போவது புது அம்பை வைத்து. ஒரு முறை போட்ட அம்பைக் கடைசி வரி வரைக்கும் தொடாதீர்கள்.

அம்பு போட்ட உடனே ரெசிஸ்டருக்குப் பிளஸ் மைனஸ் போட்டுவிடுங்கள்: அம்பு நுழையும் முனை பிளஸ், வெளியேறும் முனை மைனஸ். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, அம்பு தீர்மானமானால் பிளஸும் தீர்மானம். வோல்டேஜ் சோர்ஸுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. பேட்டரியின் நீளக் கோடு பிளஸ், குட்டைக் கோடு மைனஸ், கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் அது மாறாது. அம்பைப் பார்த்து பேட்டரியின் பிளஸையும் மாற்றிவிடுகிறவர்கள் நிறைய பேர்.

இப்போது கிர்க்காஃபின் வோல்டேஜ் விதி. ஒரு நோடிலிருந்து புறப்பட்டு சுற்றிவந்து அதே நோடுக்கு வந்து சேர்ந்தால் ஏற்ற இறக்கமெல்லாம் கூட்டினால் பூஜ்யம். பழனி மலைக்குப் படி வழியாக ஏறி யானைப் பாதை வழியாக இறங்கினாலும் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபிறகு ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றுதான், வழி எத்தனை வளைந்து போனாலும் அதில் மாற்றமில்லை. நோடின் வோல்டேஜ் என்பது அந்த உயரம், கிரவுண்ட் என்பது நீங்கள் அடிவாரம் என்று வைத்துக்கொண்ட இடம். எழுதும்போது, சுற்றி வரும் பாதையில் ஒவ்வொரு பொருளிலும் முதலில் தொடுகிற குறியை அப்படியே எழுதுங்கள். பிளஸ் முனையைத் தொட்டால் பிளஸ், மைனஸ் முனையைத் தொட்டால் மைனஸ், எல்லாவற்றையும் கூட்டி பூஜ்யத்துக்குச் சமம் என்று போடுங்கள். "இது ஏற்றமா இறக்கமா" என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசிப்பதைவிட இது எவ்வளவோ மேல், பதற்றத்தில்கூடத் தப்பாது.

கிர்க்காஃப் இந்த விதிகளை 1845-இல் வெளியிட்டபோது அவரே கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்தான், வயது 21. ஓம் தன் விதியை வெளியிட்டது 1827-இல். இன்று நாம் சிலபஸில் படிக்கும் மெஷ், நோடல் எல்லாமே இந்த இருவர் சொன்னதை ஒழுங்காக அடுக்கி எழுதுகிற முறைகள், புதிதாக ஒரு விதியும் அவற்றில் கிடையாது.

ஒரே சர்க்கியூட், நாலு வழி

வாரத்துக்கு இருபது கணக்கை ஒரே முறையில் போடுவதைவிட ஒரே கணக்கை நாலு முறையிலும் போட்டு விடை ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது அதிக பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இதை வரைந்துகொள்ளுங்கள்: அடியில் நீளமாக ஒரு கம்பி, அது கிரவுண்ட். மேலே நடுவில் ஒரு நோடு, பெயர் ஏ. இடது பக்கம் 20 வோல்ட் பேட்டரி, மைனஸ் கிரவுண்டில், பிளஸிலிருந்து 4 ஓம் வழியாக ஏ-க்கு. வலது பக்கம் 10 வோல்ட் பேட்டரி, அதன் மைனஸும் கிரவுண்டில், பிளஸிலிருந்து 5 ஓம் வழியாக ஏ-க்கு. ஏ-யிலிருந்து நேரே கீழே கிரவுண்டுக்கு 20 ஓம். 20 ஓமில் எவ்வளவு கரண்ட்?

நோடல் முறையில் ஆரம்பிப்போம். ஏ-யின் வோல்டேஜை வி என்று வைத்துக்கொள்கிறோம். கிர்க்காஃபின் கரண்ட் விதிப்படி, ஏ-யிலிருந்து வெளியே போகிற கரண்ட் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். எல்லாமே வெளியே போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் ஏதோ ஒன்று உள்ளே வந்தாக வேண்டும் என்பது தெரிந்திருந்தாலும். வெளியே போவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பின்னத்திலும் நம்முடைய வி முதலில் வரும், எதிர்முனையின் வோல்டேஜ் அப்புறம் கழியும். ஒரே அச்சு, குறியில் தடுமாற வழியே இல்லை.

(வி − 20)/4 + வி/20 + (வி − 10)/5 = 0

எல்லாவற்றையும் 20-ஆல் பெருக்கினால்

5வி − 100 + வி + 4வி − 40 = 0

10வி = 140, வி = 14 வோல்ட். 20 ஓமில் கரண்ட் 14/20, அதாவது 0.7 ஆம்பியர். மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்: 4 ஓமில் வெளியே போகிற கரண்ட் (14 − 20)/4 = −1.5, அதாவது 1.5 ஆம்பியர் உள்ளே வருகிறது. 5 ஓமில் (14 − 10)/5 = 0.8 ஆம்பியர் வெளியே போகிறது. உள்ளே 1.5, வெளியே 0.7-ம் 0.8-ம். சரியாக இருக்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், இந்த 0.8 ஆம்பியர் எங்கே போகிறது? 10 வோல்ட் பேட்டரியின் பிளஸுக்குள். பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியேதானே வர வேண்டும், உள்ளே போகிறதே, எங்கோ தப்பாகிவிட்டது என்று இந்த இடத்தில் பல பேர் விடையை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். தப்பே இல்லை. போனைச் சார்ஜரில் போட்டால் பேட்டரிக்குள் கரண்ட் போகத்தானே செய்கிறது, இங்கேயும் 20 வோல்ட் சோர்ஸ் 10 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. சோர்ஸ் என்று பெயர் இருப்பதாலேயே அது பவர் கொடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இதைச் சரிபார்க்கப் பவர் கணக்கைவிட நல்ல வழி கிடையாது. 20 வோல்ட் சோர்ஸ் கொடுப்பது 20 × 1.5 = 30 வாட். 4 ஓமில் 1.5² × 4 = 9 வாட், 20 ஓமில் 0.7² × 20 = 9.8 வாட், 5 ஓமில் 0.8² × 5 = 3.2 வாட், 10 வோல்ட் பேட்டரி வாங்கிக்கொள்வது 10 × 0.8 = 8 வாட். கூட்டினால் 9 + 9.8 + 3.2 + 8 = 30. கொடுத்ததும் வாங்கியதும் சமம் என்றால் உங்கள் விடையை நம்பலாம். கரண்ட்டுகளை மட்டும் கூட்டிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் அந்தச் சமன்பாட்டை வைத்துத்தான் விடையே கண்டுபிடித்தீர்கள். பின்னத்தில் 4 ஓமுக்குப் பதில் வேறு எண்ணை எழுதியிருந்தால் கரண்ட் கூட்டல் அப்போதும் சரியாகத்தான் வரும். படத்தைப் பார்த்து, அதில் உள்ள ஓம்களை வைத்துப் போடும் பவர் கணக்கு அந்தத் தவறைப் பிடித்துவிடும்.

இப்போது அதையே மெஷ் முறையில். உள்ளே வேறு எதுவும் குறுக்கே போகாத ஒவ்வொரு மூடிய சுற்றும் ஒரு ஜன்னல், அதுதான் மெஷ். இடது ஜன்னலில் சுற்றும் கரண்ட் ஐ1, வலது ஜன்னலில் ஐ2, இரண்டுமே கடிகாரச் சுற்றில். ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றுத் திசை வைப்பது கட்டாயம் இல்லை, ஆனால் வைத்தால் நடுவில் இருக்கும் பொது ரெசிஸ்டரில் எப்போதும் கழித்தல்தான் வரும், நிம்மதி. இடதுபக்கம்:

−20 + 4 ஐ1 + 20 (ஐ1 − ஐ2) = 0

வலதுபக்கம்:

20 (ஐ2 − ஐ1) + 5 ஐ2 + 10 = 0

இதில் முதல் வரியில் (ஐ1 − ஐ2), இரண்டாவது வரியில் (ஐ2 − ஐ1) என்று மாறி வருவதைக் கவனியுங்கள். எந்த ஜன்னலில் நடக்கிறோமோ அந்த ஜன்னலின் கரண்ட் முதலில். சுருக்கினால்

24 ஐ1 − 20 ஐ2 = 20
−20 ஐ1 + 25 ஐ2 = −10

தீர்த்தால் ஐ1 = 1.5, ஐ2 = 0.8. நடுவில் 20 ஓமில் 1.5 − 0.8 = 0.7 ஆம்பியர். இந்த இரண்டு சமன்பாடுகளிலும் இரண்டு இடத்தில் −20 ஒரே மாதிரி வந்திருக்கிறது பாருங்கள். எல்லா ஜன்னலும் ஒரே சுற்றில் இருந்து, டிபென்டென்ட் சோர்ஸ் (சர்க்கியூட்டில் வேறொரு கரண்ட்டையோ வோல்டேஜையோ சார்ந்து மாறும் சோர்ஸ்) இல்லாவிட்டால் அந்த எண்கள் ஜோடி ஜோடியாக ஒத்துப்போக வேண்டும், மூலைவிட்டத்தில் இருக்கும் எண்கள் (இங்கே 24, 25) பிளஸாக இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கால்குலேட்டரைத் தொடும் முன்பே பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

எப்போது எந்த முறை? எண்ணிப் பாருங்கள். இதே சர்க்கியூட்டில் தெரியாத நோடு வோல்டேஜ் ஒன்றே ஒன்றுதான், ஜன்னல் இரண்டு. அதனால் நோடல் ஒரு சமன்பாட்டில் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் நோடல் பக்கமே சாயுங்கள் என்பேன். கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப்போகிற, தட்டையாக வரைய முடியாத சர்க்கியூட்டில் மெஷ் முறை செல்லாது, நோடல் எங்கேயும் செல்லும். 1970-களில் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் என்ற சர்க்கியூட் சிமுலேட்டர் முதல் இன்றைய சிமுலேட்டர்கள் வரை உள்ளே ஓடுவது நோடல் முறையின் விரிவாக்கம்தான். ஆனால் கேள்வியில் "மெஷ் முறையில் காண்க" என்று இருந்தால் மெஷ்தான் எழுத வேண்டும், விடை சரி என்பதற்காக முறை மாறியதை யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

மூன்றாவது வழி சூப்பர்பொசிஷன். ஒரு சமயத்தில் ஒரு சோர்ஸை மட்டும் உயிரோடு வைப்பது. வோல்டேஜ் சோர்ஸை அணைத்தால் அந்த இடத்தில் வெறும் கம்பி, கரண்ட் சோர்ஸை அணைத்தால் அந்த இடம் ஓப்பன். முதலில் 20 வோல்ட் மட்டும்: 20 ஓமும் 5 ஓமும் பேரலலில் 4 ஓம், அதோடு 4 ஓம் சீரிஸ், ஆகவே ஏ-யில் பாதி, 10 வோல்ட். அடுத்து 10 வோல்ட் மட்டும்: 20 ஓமும் 4 ஓமும் பேரலலில் 3.333 ஓம், 5 ஓம் சீரிஸ், ஏ-யில் 10 × 3.333/8.333 = 4 வோல்ட். 10 + 4 = 14. வந்துவிட்டது.

ஆனால் பவரை இப்படிக் கூட்டக் கூடாது. 20 ஓமில் முதல் தடவை 10²/20 = 5 வாட், இரண்டாவது தடவை 4²/20 = 0.8 வாட், கூட்டினால் 5.8. உண்மையில் அங்கே 9.8 வாட் என்று மேலே பார்த்தோம். வோல்டேஜையோ கரண்ட்டையோ முதலில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வர்க்கம் எடுத்துப் பவர் காண வேண்டும். இரண்டு மார்க் கேள்வியாகக்கூட இதைக் கேட்பதுண்டு.

நாலாவது தெவெனின். பிரெஞ்சு தந்தித் துறை இன்ஜினியர் லியோன் சார்ல்ஸ் தெவெனின் 1883-இல் வெளியிட்டது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே இதைச் சொல்லியிருந்தார். 20 ஓமைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது இருந்த இரண்டு முனைகளிலிருந்து பார்த்தால் மீதி சர்க்கியூட் முழுவதும் ஒரு பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும்தான். கழற்றியபின் 20 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் நடுவே 9 ஓம், கரண்ட் 10/9 ஆம்பியர், ஏ-யில் 20 − 4 × 10/9 = 140/9, அதாவது 15.56 வோல்ட். இரண்டு பேட்டரியையும் கம்பியாக்கினால் ஏ-யிலிருந்து பார்க்கும்போது 4-ம் 5-ம் பேரலல், 20/9, அதாவது 2.22 ஓம். இப்போது 20 ஓமைத் திரும்ப மாட்டினால் கரண்ட் (140/9) ÷ (20/9 + 20) = 140/200 = 0.7 ஆம்பியர்.

ஒரே ஒரு விடைக்காக என்றால் இது சுற்றுவழிதான். "லோடு 20 ஓமாக, 10 ஓமாக, 5 ஓமாக இருந்தால்?" என்று கேட்கும்போதுதான் தெவெனினின் அருமை தெரியும்: 10 ஓமுக்கு 140/110 = 1.27 ஆம்பியர், ஒரே வரி. அதிகபட்சப் பவர் எந்த லோடில் என்று கேட்டால் அதுவும் கையிலேயே இருக்கிறது, 2.22 ஓம். சரிபார்க்க, ஏ-யைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்தால் எவ்வளவு கரண்ட் என்று பாருங்கள்: 20/4 + 10/5 = 7 ஆம்பியர். 15.56-ஐ 7-ஆல் வகுத்தால் 2.22. இந்த 7 ஆம்பியர் கரண்ட் சோர்ஸும் அதோடு பேரலலில் 2.22 ஓமும் சேர்ந்ததுதான் நார்ட்டன் சர்க்கியூட்.

இடறுகிற சில இடங்கள்

இரண்டு நோடுகளுக்கு நடுவில் ரெசிஸ்டர் இல்லாமல் வோல்டேஜ் சோர்ஸ் மட்டும் இருந்தால் அதில் எவ்வளவு கரண்ட் என்று ஓம் விதியால் எழுத முடியாது. அப்போது இரண்டு நோடுகளையும் சோர்ஸோடு சேர்த்து ஒரு வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து வெளியே போகிற கரண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதுங்கள், இரண்டு நோடுகளின் வித்தியாசம் சோர்ஸ் வோல்டேஜ் என்பது இரண்டாவது சமன்பாடு. சூப்பர்நோடு இவ்வளவுதான். மெஷ்ஷில் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் கரண்ட் சோர்ஸ் வந்தால் அதே யோசனை, அங்கே அதற்கு சூப்பர்மெஷ் என்று பெயர்.

டிபென்டென்ட் சோர்ஸை, அதாவது படத்தில் வைர வடிவத்தில் இருப்பதை, ஒருபோதும் அணைக்காதீர்கள். சூப்பர்பொசிஷனிலும் தெவெனினிலும் அது அப்படியே இருக்க வேண்டும். அது எந்தக் கரண்ட்டையோ வோல்டேஜையோ சார்ந்திருக்கிறதோ அதை நோடு வோல்டேஜில் எழுதி முதலிலேயே வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிட்ஜ் மாதிரி ஒரு படம் வந்தால் டெல்டா–ஸ்டாருக்கு (முக்கோணமாக இணைந்த மூன்று ரெசிஸ்டர்களை ஒரு நடுப்புள்ளியில் சேரும் மூன்றாக மாற்றுவதற்கு) ஓடும் முன் எதிரெதிர் கைகளைப் பெருக்கிப் பாருங்கள். இரண்டு பெருக்கலும் சமமென்றால் பிரிட்ஜ் சமநிலையில் இருக்கிறது, நடுக்கையில் கரண்ட்டே இல்லை, அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண சீரிஸ் பேரலலாகப் போட்டுவிடலாம். சமமில்லை என்றால்தான் டெல்டாவை ஸ்டாராக மாற்றும் வேலை: ஸ்டாரின் ஒரு கை என்பது அந்த முனையில் சேரும் டெல்டாவின் இரண்டு கைகளின் பெருக்கல், கீழே மூன்றின் கூட்டல். மூன்றும் 30 ஓம் என்றால் ஸ்டாரில் ஒவ்வொன்றும் 10 ஓம், ஃபார்முலா சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்க இந்த எண்ணே போதும்.

கிலோ ஓமும் வோல்ட்டும் மட்டும் இருக்கிற கணக்கில் எல்லாவற்றையும் ஓமுக்கு மாற்றி பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் நேராக மில்லி ஆம்பியர். ஒரே கணக்கில் ஓமும் கிலோ ஓமும் கலந்திருந்தால் மட்டும் முதலில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

கையில் காசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் மாதிரி கால்குலேட்டர் இருந்தால் இரண்டு, மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அந்த மாடலில் மாறாத எண்ணைச் சமக்குறிக்கு வலது பக்கம் கொண்டுபோன பிறகுதான் உள்ளே தர வேண்டும், இடது பக்கம் இருக்கும்போதே அடித்தால் விடையெல்லாம் குறி மாறி வரும். ஆனால் விடைத்தாளில் சமன்பாடுகளையும் மேட்ரிக்ஸையும் எழுதிவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 13 மார்க் கேள்வியில் படம், அம்புகள், சமன்பாடு ஆகியவற்றுக்கே மார்க் உண்டு, கடைசி எண் தப்பானாலும் அவை நிற்கும்.

ஏசி வந்தால்

விதிகள் எதுவும் மாறாது, ரெசிஸ்டன்ஸுக்குப் பதில் இம்பீடன்ஸ், அதில் 90 டிகிரி விலகலைக் காட்ட ஜே என்ற எழுத்து சேர்ந்துகொள்ளும். 3 ஓம் ரெசிஸ்டரும் 4 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள காயிலும் சீரிஸில், 230 வோல்ட் சப்ளை. மொத்தம் 7 இல்லை, 3 + ஜே4, அளவு 5 ஓம், கோணம் 53.13 டிகிரி. கரண்ட் 46 ஆம்பியர், வோல்டேஜுக்கு 53.13 டிகிரி பின்தங்கி. ரெசிஸ்டரில் 138 வோல்ட், காயிலில் 184 வோல்ட், கூட்டினால் 322, கொடுத்ததோ 230! கிர்க்காஃப் பொய்யாகிவிடவில்லை, இரண்டும் 90 டிகிரி விலகி நிற்பதால் வர்க்கம் எடுத்துக் கூட்ட வேண்டும்: 138² + 184² = 52,900, அதன் வர்க்கமூலம் 230. பவர் போவது ரெசிஸ்டரில் மட்டும், 46² × 3 = 6,348 வாட். 230 × 46 × 0.6 என்று பவர் ஃபேக்டர் (இங்கே 3/5) வைத்துப் போட்டாலும் அதே எண் வரும், சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் பழகும்போது ஒரு சிமுலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், கரண்ட் ஓடுவது புள்ளி புள்ளியாக நகர்ந்து தெரியும், எல்டிஸ்பைஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கையால் போட்டு முடித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். விடை ஒத்துப்போகாவிட்டால் உடனே விடையை மாற்றாமல், ஒவ்வொரு ரெசிஸ்டரின் கரண்ட்டையும் அங்கே பார்த்து, எந்தக் கையில் முதலில் வித்தியாசம் வருகிறது என்று தேடுங்கள். எந்த வரியில் தப்பு நடந்தது என்பது அங்கேதான் பிடிபடும்.

இப்போதே போட்டுப் பார்க்க ஒன்று தருகிறேன். ஏ, பி என்று இரண்டு நோடுகள், கிரவுண்ட் தனி. கிரவுண்டிலிருந்து ஏ-க்குள் 3 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ், பி-க்குள் 1 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ். ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கு 6 ஓம், ஏ-க்கும் பி-க்கும் நடுவில் 6 ஓம், பி-யிலிருந்து கிரவுண்டுக்கு 3 ஓம். நோடலில் ஏ 12 வோல்ட்டும் பி 6 வோல்ட்டும் வர வேண்டும், இரண்டு சோர்ஸும் சேர்ந்து கொடுக்கும் 42 வாட்டும் மூன்று ரெசிஸ்டர்களில் 24, 6, 12 என்று கணக்காகிவிட வேண்டும். வந்துவிட்டால் அதையே சூப்பர்பொசிஷனில் போடுங்கள், அப்புறம் 3 ஓமைக் கழற்றித் தெவெனினில்.